மாசி மகத்தன்று ஒரு படையெடுப்பு

நான் ஒரு நாட்டின் வெளியுறவு அமைச்சராக இருந்தவன். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. என் மனைவி நம்பாமலேயே என்னோடு ஆயுள் முழுக்கக் குடும்பம் நடத்திவிட்டாள். அந்த நாடு வடக்கே கோவளத்தில் ஆரம்பித்துத் தெற்கே மாமல்லபுரத்தில் முடியும். கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய். கொடியும் உண்டு. எங்கள் தாலுகா ஆபீஸின் பழைய மேஜைவிரிப்பைக் கிழித்துத் தைத்தது. அந்த நாட்டு ஜனங்களுக்கு மட்டும் தாங்கள் அதன் குடிமக்கள் என்பது கடைசிவரை தெரியாது.

சென்ற மாதம் பழைய ஆபீஸ் சிநேகிதர்களும், இப்போது வேலையில் இருக்கும் இளைஞர்கள் சிலரும் நாவலூரில் என் மகன் வீட்டுக்கு வந்திருந்தார்கள். தொலைக்காட்சியில் எங்கோ ஒரு தேசத்துக்குள் இன்னொரு தேசத்தின் டாங்கிகள் போய்க்கொண்டிருந்தன. இளம் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஒருவர், "ஏன் சார், இந்தத் தலைவருங்க எல்லாம் ஒரு நாட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி அது இன்னா ஊரு, அங்க யாரு கீறாங்கன்னு கேட்டுத் தெரிஞ்சிக்க மாட்டாங்களா?" என்றார். ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். தலைவர்களுக்கு மண்டையில் ஒன்றும் இல்லை என்பதுதான் பெரும்பான்மை அபிப்பிராயம். நான் அப்படி நினைக்கவில்லை. கேட்பார்கள், நன்றாகவே கேட்பார்கள் என்று ஆரம்பித்தேன். அதற்குள் காபி வந்தது, பேச்சு சம்பளக் கமிஷனுக்குப் போய்விட்டது. ஆகையால் எழுதிவிடுகிறேன். காகிதம் குறுக்கே பேசாது.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் செங்கல்பட்டு தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். வெயிலில் சங்கிலி பிடித்து நிலம் அளக்கக் கற்றேன், ஜமாபந்திக் கணக்குச் சோதனையில் ஊர் முன்னால் திட்டு வாங்கினேன், பரீட்சை எழுதினேன், ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஆனேன். இதையெல்லாம் விரித்து எழுதினால் எனக்கே தூக்கம் வரும். எழுத வேண்டியது எங்கள் தாசில்தார் சபாபதியைப் பற்றி.

ஒல்லியான மனிதர். கோட்டு, பஞ்சகச்சம், கையில் எப்போதும் குடை. எந்தக் காகிதத்தைக் கொண்டுபோய் வைத்தாலும் படிக்க மாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, "எங்கய்யா நின்னு பார்த்தே?" என்பார். ஏரி நிரம்பிவிட்டது என்று எழுதினால், கரையில் நின்று பார்த்தாயா, மதகில் நின்று பார்த்தாயா என்பார். பயிர் கருகிவிட்டது என்றால், ரோட்டிலா வரப்பிலா என்பார். ஒருவர் உண்மையைச் சொல்லித் தொலைத்தார், "ஜீப்புல உக்காந்துகினே பார்த்தேன் சார்" என்று. ரிடையர் ஆகும்வரை அவருக்கு 'ஜீப்பு' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

சபாபதிக்குக் கோபம் வந்தால் எங்களிடம் கத்துவார். மேலிடத்தின் மீது கோபம் வந்தால் பணிவு கூடிவிடும். குரல் தேனாகி, முதுகு வளைந்து, "தங்கள் உத்தரவு எப்படியோ அப்படியே" என்று ஆரம்பித்தால், நாங்கள் எல்லாரும் பேனாவை மூடிவைத்துவிட்டு வேடிக்கை பார்க்கத் தயாராகிவிடுவோம்.

ஒரு தை மாதம் அந்த உத்தரவு வந்தது. கடற்கரையில் ஒரு படைப் பயிற்சி நடக்கப் போகிறது. கடலிலிருந்து 'நீல நாடு' வந்து இறங்கும். கரை 'சிவப்பு நாடு'. நிஜம்போல இருக்க வேண்டும் என்பதால் இரண்டு நாட்டுக்கும் அரசாங்கம் வேண்டும். சிவப்பு நாட்டுக்கு அதிபர் தாசில்தார். வெளியுறவு அமைச்சர், அந்தப் பகுதி ரெவின்யூ இன்ஸ்பெக்டராகிய நான். நீல நாட்டுக்குப் பிரதமராகச் சென்னையிலிருந்து நிஜமான ஓர் அரசியல் பிரமுகரே சம்மதித்திருந்தார். பெயர் வேண்டாம், தலைவர் என்றே வைத்துக்கொள்வோம். படையெடுக்கலாமா கூடாதா, எந்த நாளில், எந்த இடத்தில் என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

விதிகளில் முக்கியமானது ஒன்று. எதிரி நாட்டு அதிகாரிகளிடம் எதையும் கேட்கக் கூடாது, எதிரி நாட்டு அதிகாரிகளும் எதையும் சொல்லக் கூடாது. அதாவது, அந்தக் கரையைப் பற்றித் தெரிந்த ஆட்கள் அத்தனை பேரும் எங்கள் ஆபீஸில் இருந்தோம். எங்களை விட்டுவிட்டு மற்ற எல்லாரிடமும் அவர்கள் விசாரிக்கலாம்.

விசாரித்தார்கள். குறை சொல்ல மாட்டேன். படகில் வந்து தூரக்கண்ணாடியால் பார்த்தார்கள். கலங்கரை விளக்கத்தில் ஏறிப் பார்த்தார்கள். தலைவரே ஒரு நாள் காரில் வந்து இறங்கினார். நல்ல உயரம், கறுப்புக் கண்ணாடி, சிரித்த முகம். எதிரியாக இருந்தாலும் மரியாதைக்கு நான் கூடவே போனேன். கடற்கரைக் கோயிலுக்குத் தெற்கே நீண்டு கிடந்த வெறும் மணலைக் காட்டி, "இங்க ஜனங்க நடமாட்டம் உண்டா?" என்று என்னையே கேட்டார்.

"நான் எதிரி நாடு சார்" என்றேன்.

வயிறு குலுங்கச் சிரித்தார். முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டு, கோயில் பக்கத்தில் இளநீர் விற்றுக்கொண்டிருந்தவரிடம் போனார். பாவம், காலையிலிருந்து ஒரு காய்கூடப் போணியாகவில்லை போலிருக்கிறது.

"ஏம்ப்பா, இந்தப் பக்கம் ஜனங்க வருவாங்களா?"

"எங்க சார் வர்றாங்க! ஒரு ஈ காக்கா கெடியாது. பேஜாரா கீது சார் பொயப்பு. நாளு முச்சூடும் குந்திகினு கடலையே பார்த்துகினு கீறேன்."

தலைவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நேரில் வந்து, வெயிலில் நின்று, உள்ளூர்க்காரரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டாயிற்று. இதற்கு மேல் ஒரு தலைவர் என்ன செய்ய முடியும்? இளநீர் ஒன்று குடித்தார், கார் ஏறினார். கரையில் மக்கள் இல்லை என்று நீல நாடு முடிவுகட்டியது.

அதன் பிறகு நாங்கள் எங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். படையெடுப்பு என்றைக்கு என்பது எங்களுக்குத் தெரியாது. கரையில் அது தெரிந்தவர் பயிற்சியின் நடுவர் ஒருவரே. அவர் வேலூர்ப் பக்கத்து மேஜர், ஓய்வு பெற்றவர், மீசையை முறுக்கிவிட்டால் இரண்டு பக்கமும் தனித்தனியாக நிற்கும். ஒருநாள் முற்பகல் தாசில்தார் அறைக்கு வந்தவர், "நாளைக் காலையில சூரியன் எழும்பும்போது எறங்கறாங்க. கரையில யாராச்சும் சுத்திகினு இருந்தா சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணிடுங்க" என்றார்.

சபாபதி சுவரில் இருந்த நாள்காட்டியைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். மறுநாள் பௌர்ணமி. மாசி மாதத்துப் பௌர்ணமி.

"நாளைக்கு மாசி மகம் சார்" என்றேன்.

"அதனால இன்னா? பௌர்ணமின்னா கடல்ல வெளிச்சம் நல்லா இருக்கும். அலையும் தோதா இருக்கும். கணக்குப் போட்டுத்தான் வெச்சிருக்காங்க" என்றார் மேஜர்.

எல்லாம் சரியான கணக்குதான். வருடத்தில் மற்ற நாள் எல்லாம் அந்த மணல் காலிதான். மாசி மகத்துக்கு மட்டும், மாவட்டத்தின் காடு கரம்புகளிலிருந்தும் ஆந்திர எல்லையிலிருந்தும் இருளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து அங்கே இறங்குவார்கள். குச்சி நட்டுப் புடவையைச் சுற்றிக் குடில் போடுவார்கள். அலையோரத்தில் மணலாலே ஏழு படி கட்டி, பூவும் பழமும் வைத்து, கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். பெண் பார்ப்பது, பேசி முடிப்பது, தாலி கட்டுவது எல்லாம் அங்கேதான். முடிந்ததும் புடவையைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்த நாள் அங்கே போய்ப் பார்த்தால் இளநீர்க்காரர் சொன்னது பரிசுத்தமான உண்மையாக இருக்கும்.

"போய்ப் பார்த்துட்டு வாய்யா" என்றார் சபாபதி.

ஜீப்பில் போனேன். ஆனால் இறங்கிவிட்டேன். கோயிலுக்குத் தெற்கே கண்ணுக்கெட்டியவரை புடவைக் குடில்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று காற்றில் படபடத்தன. நான் திகைத்து நின்றபோது, "அய்யா, இன்னா இங்க?" என்று ஒரு குரல். கன்னியப்பன்.

கன்னியப்பனை எங்கள் ஆபீஸில் தெரியாதவர்கள் இல்லை. படாளம் பக்கத்து இருளர். எங்கள் ரிகார்டு அறையில் பாம்பு புகுந்தால் அவருக்குத்தான் ஆள் போகும். நாங்கள் மேஜைமேல் ஏறி நிற்க, அவர் கையை நீட்டிக்கொண்டு மெதுவாக உள்ளே போவார். நல்லபாம்பு படமெடுத்தபடியே நின்றுவிடும். அப்படிப்பட்டவர் அன்றைக்குக் குளித்து, புது வேட்டி கட்டி, படபடப்பாக இருந்தார்.

"எம் பொண்ணு செல்லிக்கு நாளைக்குக் கண்ணாலம் அய்யா. போன மாசி மகத்துல இதே எடத்துல பேசி முடிச்சது. பையன் பொன்னேரி பக்கம்."

"நாளைக்கே கட்டியாகணுமா? ரெண்டு நாள் கழிச்சி வெச்சிக்கக் கூடாதா?" என்று மெல்ல நூல் விட்டுப் பார்த்தேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இன்னா அய்யா இப்படிச் சொல்லிட்டே! பொழுது கடல வுட்டு எழும்பி வரும் பாரு, அடி இன்னும் தண்ணியத் தொட்டுகினு இருக்கச் சொல்லோ தாலி ஏறிடணும். தவறிச்சின்னா போன வருசத்துப் பேச்சு செல்லாது. மறுபடி மொதல்ல இருந்து பேசணும். அந்தப் பையனோட ஆத்தாளுக்கு அவ அண்ணன் பொண்ணு மேல ஒரு கண்ணு. எப்படா தவறும்னு குந்திகினு கீறா."

குடிலுக்குள் எட்டிப் பார்த்தேன். செல்லி கையில் மருதாணியோடு உட்கார்ந்திருந்தாள். காய்வதற்காக இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு, மூக்கு அரித்ததைச் சொறிய முடியாமல் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடமாகக் காத்திருந்த பெண். இவர்களைத்தான் நான் சாயங்காலத்துக்குள் காலி பண்ண வேண்டும். வெளியுறவு இலாகாவும் வேண்டாம், ரெவின்யூ இலாகாவும் வேண்டாம் என்று தோன்றியது.

தாசில்தார் மாமல்லபுரத்துப் பயணியர் விடுதிக்கே வந்துவிட்டார். மேஜரும் அங்கே இருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"எங்கய்யா நின்னு பார்த்தே?"

"கன்னியப்பன் பொண்ணு குடிலுக்குள்ள நின்னு சார்."

சபாபதி வேறு எதுவும் கேட்கவில்லை. மேஜர் பக்கம் திரும்பினார். முதுகு வளைந்தது. குரலில் தேன் வழிந்தது.

"தங்கள் உத்தரவு எப்படியோ அப்படியே. அடியேனுக்கு ஒரே ஒரு சந்தேகம். நான் இப்ப தாசில்தாரா, சிவப்பு நாட்டு அதிபரா?"

"அதிபர்தான். பயிற்சி முடியறவரைக்கும்."

"ரொம்ப சந்தோஷம். அப்ப, எதிரி சௌகரியமா வந்து எறங்கறதுக்காக எங்க நாட்டு ஜனங்களை நாங்களே காலி பண்ணித் தரணும்னு எந்த விதியில சொல்லியிருக்குன்னு காட்டினீங்கன்னா, உடனே பண்ணிடறேன்."

மேஜர் விதிகளைப் புரட்டினார். அப்படி ஒரு விதி இல்லை. உலகத்தில் எந்த நாட்டிலும் இருக்க முடியாது.

"சரி, இங்க ஜனங்க இருக்காங்கன்னு அவங்களுக்கு நான் சொல்லலாமா?" என்று கேட்டார் சபாபதி, இன்னும் கொஞ்சம் வளைந்து.

"கூடாது. அது விதி" என்றார் மேஜர், தன்னை அறியாமல்.

"தங்கள் உத்தரவு."

மேஜரின் முகம் சிவந்தது. மீசையின் ஒரு பக்கம் கீழே இறங்கியது. "மிஸ்டர் சபாபதி, தலைவர் வர்றாரு. விருந்தாளிங்க வர்றாங்க. நாளைக்கு ஏதாச்சும் ஏடாகூடம் ஆச்சின்னா உங்க பிரமோஷன் அவ்வளவுதான்" என்றார்.

"அதிபருக்கு மேல ஏதுங்க பிரமோஷன்?" என்றார் எங்கள் தாசில்தார்.

மேஜர் திடீரென்று சிரித்துவிட்டார். "ஜனங்க நடுவுல வெடியோ புகையோ கிடையாது. கரையில நானே வெள்ளைக்கொடி பிடிச்சிகினு நிக்கறேன், அதுதான் நடுவர் வேலை" என்றார். நல்ல மனிதர். அதை இங்கே பதிந்துவிட வேண்டும்.

விடிவதற்குச் சற்று முன்பே நாங்கள் மூவரும் கரையில் இருந்தோம். பம்பை ஒலித்துக்கொண்டிருந்தது. மணல் படிகளில் கற்பூரம் எரிந்தது. செல்லி மஞ்சள் புடவையில் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை அவளைவிட அதிகம் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தான். மாப்பிள்ளையின் தாயார் மணமக்களை விட்டுவிட்டுச் சூரியன் எழும்பும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள், எப்போது தப்பு நடக்கும் என்பதுபோல.

கடல் வெளுத்தபோது படகுகள் தெரிந்தன. மேஜர் கொடியைத் தூக்கினார். முதல் படகிலிருந்து சிப்பாய்கள் இடுப்பளவு தண்ணீரில் குதித்து, பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி ஓவென்று கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். காலி மணலில் ஓடுவதற்காகத் தயாராகி வந்தவர்கள். எதிரே பார்த்தால் ஒரு திருவிழா. வெடி இல்லாவிட்டால் என்ன, கால் இருக்கிறதே! நேராக மணல் படிகள்மேல் ஏறப் போனார்கள்.

கன்னியப்பன் முன்னால் போய் நின்றார். கையை நீட்டினார், ரிகார்டு அறையில் நீட்டுவாரே, அதே கை.

"நில்லு! பூட்ஸு காலோட கன்னிம்மா மேல ஏறாத! சுத்திகினு வா!"

முதலில் வந்த சிப்பாய் பஞ்சாப்காரர். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் அவர்மேல் முட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களுடைய கேப்டன் திணறியபடி என்னிடம் வந்து, இங்கே யாருமே இல்லை என்றுதானே சொன்னார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் என் பதவிக்குரிய கம்பீரத்தோடு, "இன்றைக்கு மட்டும் இருக்கிறார்கள்" என்றேன்.

கேப்டன் மணல் படிகளைப் பார்த்தார், கற்பூரத்தைப் பார்த்தார், மணப்பெண்ணைப் பார்த்தார். அவருக்கும் அக்கா தங்கை இருந்திருக்க வேண்டும். ஏதோ உத்தரவு போட்டார். நீல நாட்டுப் படை பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வரிசையாகப் படிகளைச் சுற்றி வந்து, ஓரமாக உட்கார்ந்தது.

சூரியன் எழும்பியது. அதன் அடி தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை தாலியை எடுத்தான். சரியாக அந்த நேரத்தில் தலைவரின் படகு வந்தது.

இரண்டு பேர் கைத்தாங்கலாக அவரைத் தண்ணீரிலிருந்து கரையேற்றினார்கள். கழுத்தில் மாலை, கண்ணில் அதே கறுப்புக் கண்ணாடி. அத்தனை ஜனத்தையும், கற்பூரத்தையும், பம்பையையும் பார்த்து அவர் மலைத்து நின்றார். பிறகு அவர் முகம் கனிந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். கண் கலங்கியே விட்டது. "நம்மை வரவேற்க இவ்வளவு ஜனமா!" என்றார் தழுதழுத்து. யாரும் வாயைத் திறப்பதற்குள் மணமக்களுக்கு நேரே போய் நின்று, சூரியனுக்கு முதுகைக் காட்டி, இரண்டு கையையும் உயர்த்திவிட்டார். பம்பை நின்றது.

"அன்பார்ந்த சிவப்பு நாட்டுப் பெருமக்களே! உங்களை அடக்க நாங்கள் வரவில்லை. உங்களை விடுவிக்கவே வந்திருக்கிறோம்…"

தாலியைப் பிடித்த கை அப்படியே நின்றது. பெரிய மனிதர் பேசுகிறாரே, முடிக்கட்டும் என்று பையன் காத்திருந்தான். மாப்பிள்ளையின் தாயார் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. செல்லி தலை நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். நான் தாசில்தாரைப் பார்த்தேன். அவர் சூரியனைப் பார்த்தார். சூரியனின் அடி ஒரு நூல் அளவு ஒட்டிக்கொண்டிருந்தது.

கன்னியப்பன் மஞ்சள் அரிசித் தட்டோடு விறுவிறுவென்று வந்தார். தலைவரின் உயர்ந்த கையைப் பிடித்து இறக்கினார். உள்ளங்கையில் ஒரு பிடி அரிசியைத் திணித்தார்.

"பேசறத அப்பால பேசிக்கலாம் நைனா. மொதல்ல அரிசியப் போடு. டேய், கட்டுடா!"

பம்பை அதிர்ந்தது. தாலி ஏறியது. தலைவர் என்ன நடக்கிறது என்று தெரியாமலே, ஆனால் முழு மனதோடு, அரிசியைத் தூவினார். நீல நாட்டுப் படை கைதட்டியது. நான் அழுதுவிட்டேன், அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்! சபாபதி குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலே இல்லை அப்போது.

சிவப்பு நாடு முறைப்படி வீழ்ந்தது. மக்கள் திரண்டு வந்து கண்ணீரோடு வரவேற்றார்கள் என்று நீல நாடு தன் அறிக்கையில் எழுதியது. தலைவர் பொய் சொல்லவில்லை. கடைசிவரை அதை நம்பினார் என்றுதான் கேள்விப்பட்டேன். அதிபரின் கருத்து என்ன என்று கேட்டு அறிக்கையின் பிரதி ஒன்று எங்கள் ஆபீஸுக்கு வந்தது. சபாபதி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். நாங்கள் எல்லாரும் அவருடைய வழக்கமான கேள்வியை எதிர்பார்த்து நின்றோம். அவர் கேட்கவில்லை. "தங்கள் உத்தரவு" என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். பிரமோஷன் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

அடுத்த மழைக்காலத்தில் ரிகார்டு அறையில் மறுபடி பாம்பு. கன்னியப்பன் வந்தார், பிடித்தார், சாக்கில் போட்டுக் கட்டினார். மேஜையிலிருந்து இறங்கி, செல்லி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். முழுகாமல் இருக்கிறாள், மாமியாரும் இப்போது தேவலை என்றார். போகப் போனவர், வாசலில் நின்று திரும்பினார்.

"அய்யா, ரொம்ப நாளா உன்னாண்ட ஒண்ணு கேக்கணும்னு கீறேன். அன்னிக்கு மாலை போட்டுகினு கடல்லருந்து வந்தாரே, கறுப்புக் கண்ணாடி, அவரு யாரு? மாப்ள ஊட்டுப் பெரியவருன்னு நாங்க நெனச்சிகினு கீறோம். பொண்ணு ஊட்டு ஆளுன்னு அவங்க சொல்றாங்க."

என்ன சொல்ல? படையெடுத்து வந்து உங்கள் நாட்டைப் பிடித்தவர் என்று சொல்லலாம்தான்.

அதற்குள் கன்னியப்பனே ஒரு முடிவுக்கு வந்தார்.

"வழி தெரியாம வந்துட்டாரு போல, பாவம். பொங்கச் சோறு துன்னுட்டுப் போவச் சொல்லி இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.